வழி விட்டுப் போடும் வேலி

கொடைக்கானலில் வேலி போடக் கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அடிக்கு எவ்வளவுண்ணே?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "மாடு எந்தப் பக்கமா வருது, எந்தப் பக்கமா போகுது?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. மதுரையிலும் சென்னையிலும் இருந்துகொண்டு இங்கே பங்களா வாங்கிப் போட்டவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரரைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். "அந்தப் பேரிக்கா மரத்துக்கு மேல இறங்கி, தண்ணித் தொட்டி ஓரமா வந்து, கீழ் கேட்டு வழியா ஓடைக்குப் போயிரும்ணே." என் வேலையில் முக்கால்வாசி அவர் சொன்ன அந்தத் தடத்தில் இருக்கிறது. மீதிதான் கம்பியும் கல்லுக்காலும்.

மாடு என்று நான் சொல்வது காட்டுமாட்டை. செய்தித்தாளில் காட்டெருமை என்று வரும். நன்றாக வளர்ந்த காளை ஒரு டன் எடை வரை இருக்கும், தோள் ஆறடியைத் தொடும். கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. கூட்டத்தை நடத்துவது வயதான பசு. காளைகள் பெரும்பாலும் தனியாகத் திரியும், ஊருக்குள் வந்து நிற்பதும் அதிகம் அவைதான்.

எங்கப்பா காலத்தில் ஊருக்குள் காட்டுமாட்டைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. நான் டவுசர் போட்ட வயதில் பன்றியும் முள்ளம்பன்றியும்தான் தோட்டத்துக்கு எதிரி. இன்றைக்கு ஏரிச் சாலையிலும் நாயுடுபுரத்திலும் அப்சர்வேட்டரி பக்கமும் பட்டப்பகலில் நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டுவிட்டுப் போகிறார்கள். டூரிஸ்டுகள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தப் பக்கங்கள் போதாது.

ஏன் வந்தது? பழனி மலையின் மேல்தளம் ஒரு காலத்தில் புல்வெளி. மடிப்பு மடிப்பாக உள்ள பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு. வெள்ளைக்காரன் காலத்தில் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் மரக்கூழுக்கும் என்று மலை மலையாக நட்டார்கள். அதோடு பைன். 2018-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் ஒரு ஆய்வு வெளிவந்தது. 1973-லிருந்து 2014 வரைக்குமான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்ததில், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எடுத்துக்கொண்டவை மரத்தோட்டங்களும் விவசாயமும். வாட்டில் காட்டுக்குள் ஒரு நடை நுழைந்து பாருங்கள், காலடியில் மாடு வாய் வைக்க ஒரு பிடி புல் இருக்காது. அப்புறம் டவுனைப் பாருங்கள். 1895-ல் தொடங்கிய கோல்ஃப் மைதானம், 1863-ல் உண்டாக்கிய ஏரியின் ஈரக்கரை, பங்களாக்களின் புல்தரை, ஓட்டல் பின்பக்கம் கொட்டிய காய்கறிக் கழிவு. நல்ல புல் எங்கே இருக்கிறது என்று மாட்டுக்குக் கணக்குத் தெரியும்.

இன்னொன்று, பெரியவர்கள் வெக்கை நோய் என்று சொல்வார்களே, நாட்டுமாட்டை வாரிக்கொண்டு போன அந்த நோய் காட்டுமாட்டையும் விடவில்லை. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தடுப்பூசி போட்டுப் போட்டு, 2011-ல் உலகத்திலிருந்தே அந்த நோயை ஒழித்துவிட்டார்கள். நம் வீட்டு மாட்டைக் காப்பாற்றியபோது காட்டில் உள்ளதும் சேர்ந்து பிழைத்தது என்பது என் எண்ணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வேலி போட வந்த இடத்தில் பல பேர் என்னிடம் காதோடு காதாகக் கேட்பதால். 2013-ல் இந்த மலையின் காட்டில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. காட்டுமாடு, வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஈபி லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலியில் கரண்ட் விடுவதும் இதில்தான் வரும். அது மாட்டை மட்டும் கொல்லாது, விடிகாலையில் ஒதுங்கப் போகிற மனுஷனையும் சேர்த்துக் கொல்லும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு கள்ளக் கம்பியில் மூன்று யானைகள் செத்தன. அதே வருஷம் அரசு மின்வேலிக்கென்று தனி விதிகளே கொண்டுவந்துவிட்டது. காட்டை ஒட்டிய இடத்தில் சோலார் வேலி போடுவதானால் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும், கம்பியில் துடிப்பு விடும் பெட்டி ஐஎஸ் தரத்தில் இருக்க வேண்டும். "கொஞ்சம் டோஸ் கூட்டி விடுண்ணே" என்று யாராவது சொன்னால் நான் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

இனி வேலிக்கு வருவோம்.

சங்கிலி வேலி எனப்படும் செயின்லிங்க், நாய்க்கும் ஆளுக்கும் சரி. காட்டுமாடு அதை உடைக்க வருவதில்லை. கழுத்தைச் சொறிந்துகொள்ள வருகிறது. ஒரு டன் உடம்பு சாய்ந்து நாலு தேய்ப்புத் தேய்த்தால் ஆங்கிள் கம்பம் வளைந்துவிடும், வளைந்த இடத்தில் மறுநாள் கால் வைக்கும். முள்கம்பி அதன் தோலுக்குச் சொறிகோல் மாதிரி. கன்றுக்கும் நாய்க்கும்தான் கிழிகிறது. கல்லுக்கால் கீழே சமவெளியிலிருந்து வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறி வரவேண்டும். லாரி வாடகையே விழி பிதுங்க வைக்கும். ஆனாலும் மூலைக்கும் திருப்பத்துக்கும் கேட்டுக்கும் கல்லுக்கால்தான் போடச் சொல்வேன், இரண்டடிக்குக் குறையாமல் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு.

மலையில் வேலி போடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, சரிவை. நம் நிலமெல்லாம் படிப்படியாக இறங்கும். எல்லைக்கல் பெரும்பாலும் மேல்படியின் அடிவாரத்தில் இருக்கும். அந்த இடத்திலேயே ஐந்தடி வேலி போட்டால் என்ன ஆகும்? மேல்படியில் நிற்கிற மாட்டுக்கு அது முழங்கால் உயரம். ஒரு எட்டில் உள்ளே. அதே வேலியைத் திட்டிலிருந்து நாலடி உள்ளே தள்ளி நடுங்கள். இறங்கினால் அந்த நாலடிக்குள் நிற்க வேண்டும், திரும்ப இடமில்லை என்பது மாட்டுக்குத் தெரியும். இறங்காது. நாலடி நிலம் போகிறதே என்று சண்டை போடாத நில உரிமையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. கீழ்ப்பக்கச் சரிவுக்கு இந்தக் கவலை வேண்டாம். மூன்றரை அடிக் கருங்கல் கட்டே பெரும்பாலும் போதும், ஏற்றத்தில் அந்த உடம்போடு பாய்வது கஷ்டம்.

அடுத்தது கேட். உள்பக்கம் திறக்கிற கேட்டை மாடு நெற்றியால் தள்ளினால் தாழ்ப்பாள் மட்டும்தான் தாங்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கிற கேட்டாக வைத்து, மூடும்போது கல்லுக்காலில் போய் உட்காருகிற மாதிரி செய்தால், தள்ளத் தள்ள அது இன்னும் இறுகும். கொல்லரிடம் இதைச் சொன்னால், "எல்லாரும் உள்ள தொறக்கிற மாதிரிதானே கேக்குறாங்க" என்பார். கார் ரிவர்ஸ் எடுக்கச் சௌகரியம் என்பதற்காகச் செய்வது அது.

இதற்கெல்லாம் மேலே, தடம். காட்டுமாடு வருஷக்கணக்காக ஒரே வழியில் நடக்கிறது. சோலையிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து புல்லுக்கு. அந்த வழிக்குக் குறுக்கே என்ன போட்டாலும் அது என்றைக்காவது ஒருநாள் போகும். பங்களாக்காரர் ஒருவர் ஏழடி காம்பவுண்டு சுவரை எல்லை முழுக்க இழுத்தார், வேறு ஆளை வைத்து. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் சுவரோடு நடந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பழைய வேலியைச் சாய்த்து, அவருடைய காலிஃபிளவர் பாத்தி வழியாக ஓடைக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாடு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பள்ளங்கியில் ஒரு அம்மா இருக்கிறார். பீன்ஸ், கேரட், நாலைந்து பட்டர்ஃப்ரூட் மரம், வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவரும் பக்கத்துத் தோட்டத்து மாமாவும் பேசி, இரண்டு பேர் எல்லையிலும் ஆளுக்கு ஐந்தடி விட்டு, நடுவில் பத்தடிச் சந்து மேலிருந்து கீழே ஓடை வரைக்கும் ஒதுக்கினார்கள். சந்தின் இரண்டு பக்கமும் வேலி என் வேலை. சந்தில் உள்ள புல்லை அறுப்பதில்லை என்று ஒப்பந்தம். முதல் வாரம் மாடுகள் மேலே நின்று மோந்து பார்த்துக்கொண்டே இருந்தன. அப்புறம் இறங்கத் தொடங்கின. "தம்பி, எனக்கு அஞ்சடி போச்சு, ஆனா ராத்திரி தூக்கம் வந்துச்சு" என்றார் அந்த அம்மா. தனிக் காளை ஒன்று மட்டும் சந்தில் நின்றபடியே வேலிக்கு மேலே தலையை நீட்டி பட்டர்ஃப்ரூட் கிளையை ஒடிக்கும். அந்தக் கிளையை வெட்டிவிடச் சொன்னேன். மனசு வரவில்லை அவருக்கு.

சோலார் வேலியைப் பற்றிப் பெரிய நம்பிக்கை இருக்கிறது மக்களுக்கு. நல்ல சாதனம்தான். பெட்டி நொடிக்கு ஒரு தரம் போலக் கம்பியில் ஒரு துடிப்பை விடும். பல ஆயிரம் வோல்ட், ஆனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. சுரீர் என்று அடித்து விட்டுவிடும், பிடித்து வைக்காது. ஆனால் கொடைக்கானல் என்ன ராஜஸ்தானா? ஐப்பசி கார்த்திகையில் நாள்கணக்கில் மஞ்சு மூடி நிற்கும், பேனல் சார்ஜ் ஏறாது, பேட்டரி படுத்துவிடும். புல் ஓர் அடி வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால், ஈரத்தில் கரண்ட் எல்லாம் அந்தப் புல் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், கம்பியில் உயிர் இருக்காது. இதற்கு நேர்மாறு மாசி பங்குனி. மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் பிடிக்காது. மாடு கம்பியைத் தொட்டால் சுற்று முடிவதற்கு மண்ணில் ஈரம் வேண்டும். அதனால் ஒரு கம்பியை ஊன்றிவிட்டுப் போகாமல், ஆறடி ஜிஐ பைப் மூன்றை இடைவெளி விட்டு இறக்கி, உப்பும் கரியும் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். பைப் இறக்க நல்ல இடம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் மூலை. செலவில்லாமல் எப்போதும் ஈரமாக இருக்கும்.

பன்றி வேறு கதை. அதற்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி வேண்டும், மூக்கு முதலில் தொட வேண்டும். மூக்கில் பட்டால் திரும்பும், முதுகில் பட்டால் முன்னால் பாயும். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கம் உருளைக்கிழங்குக் காட்டை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும். 2025 தொடக்கத்தில் பன்றியைச் சுடலாம் என்று அரசு சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் இங்கேயும் உண்டு. முழுசாகப் படித்தால் விஷயம் வேறு. காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுவார்கள். மூன்றுக்கு அப்பால்தான் துப்பாக்கி, அதுவும் வனத்துறைக்காரர் கையில். எங்கள் மலையில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எத்தனை தோட்டம் இருக்கிறது, சொல்லுங்கள். அது சமவெளிக்காரர்களுக்கான உத்தரவு.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டி பக்கம் யானை. அங்கே வாழையும் பலாவும் காபிக்கு நடுவில் இருக்கின்றன. யானை கம்பத்தைத்தான் பார்க்கும். தந்தத்தில் கரண்ட் ஏறாது, அதை வைத்தே கம்பத்தைச் சாய்த்துவிடும், இல்லை ஒரு மரத்தைத் தள்ளி வேலி மேல் போடும். இப்போது தொங்கு வேலி வந்திருக்கிறது. உயரத்தில் ஒரு கம்பி, அதிலிருந்து திரை மாதிரி கம்பிகள் தொங்கும். சாய்க்கப் பக்கத்தில் கம்பம் கிடையாது. அதைவிட மலிவான வைத்தியம் பலாவைப் பிஞ்சிலேயே இறக்கி விற்றுவிடுவது. பழுத்த வாசனை மைல் கணக்கில் போகும். யானையைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு அனுபவம் போதாது, நான் மேல்மலை ஆள்.

பிராணியோடு அனுசரித்துப் போகிற வேலை நம் ஊரில் மட்டும் இல்லை. தங்கச்சி மகன் கனடாவில் இருக்கிறான். அவன் குடியிருக்கும் பக்கம் பீவர் என்று ஒரு பிராணி, எலி இனம், நம் முள்ளம்பன்றிக்குத் தூரத்துச் சொந்தம். அந்த நாட்டு ஐந்து சென்ட் காசில்கூட அதன் படம்தான். பல்லால் மரத்தை அறுத்துச் சாய்த்து, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும், தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் ரோட்டுக்கும் ஏறிவிடும். அணையை உடைத்தால் ஒன்றிரண்டு ராத்திரியில் திரும்பக் கட்டிவிடுமாம். பிடித்துக்கொண்டு போனால் காலியான இடத்துக்கு வேறு பீவர் வந்துவிடும். அதனால் அணைக்கு நடுவில் நீளமாக ஒரு குழாய் செருகி, குழாய் வாயில் கூண்டு கட்டி, தண்ணீரை இந்த அளவுக்கு மேல் ஏறாமல் வடிய விடுகிறார்கள். பீவர் பாட்டுக்கு அணையில் இருக்கும், வயல் நனையாது. மரத்துக்கு மட்டும் கம்பிவலையைச் சுற்றி விடுகிறார்கள், பட்டையில் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததும், இதை நாம் இங்கே பண்ணலாமே என்று தோன்றியது. புதிதாக நட்ட பேரிக்காய், பிளம்ஸ் கன்றுகளுக்கு முள்ளம்பன்றியால் அடிப்பட்டை போகிறது, மாடு உரசினால் கன்றே போகிறது. மூன்றடி வட்டத்தில் கெட்டிக் கம்பிவலை, நாலு சவுக்குக் குச்சி, அடியை அரை அடி மண்ணில் புதைப்பது. தோட்டம் முழுக்க வேலி போட வசதியில்லாதவர்களுக்கு இதைத்தான் இப்போது சொல்கிறேன். எனக்கு வருமானம் குறைவுதான்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது சில உண்டு, அதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை. காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் வேலிக்கு வெளியே எறியாதீர்கள். ஒரு தடவை கேரட் தழை கிடைத்த இடத்தை மாடு மறக்காது, மறுநாளும் வந்து நிற்கும். உரக்குழிக்கு மூடி போடுங்கள். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் கதவைத் திறந்த உடனே படியிறங்காமல், டார்ச்சை ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். மஞ்சில் கார் நிற்பதாக நினைத்துப் பக்கத்தில் போய், மாடு என்று தெரிந்து பின்வாங்கியவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அது சும்மா வந்து முட்டுகிற பிராணி இல்லை. திடீரென்று பக்கத்தில் ஆள் முளைத்தாலும், கன்று இருந்தாலும், தப்பிக்க வழி இல்லாமல் மூலையில் மாட்டினாலும்தான் பாயும். உஸ்ஸென்று மூச்சை விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினால், "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்கிறது. அப்போதே பின்னால் நகர்ந்துவிட வேண்டும். நாயை அவிழ்த்துவிடுவது பெரிய ஆபத்து. நாய் குலைத்துக்கொண்டு ஓடும், மாடு துரத்தினால் எஜமானிடம்தான் திரும்பி ஓடிவரும்.

பட்டாசு வெடிப்பவர்களும் யோசிக்க வேண்டும். ராத்திரியில் சரவெடிக்குக் கலைந்த கூட்டம் காட்டுக்குத்தான் ஓடும் என்று யார் சொன்னது? அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கு ஓடும், ரோட்டில் பைக்குக்கு முன்னால் ஓடும். நாலாவது நாள் பட்டாசுக்கும் பயப்படாது.

செப்டிக் டேங்கைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தகர ஷீட்டைப் போட்டு, மேலே நாலு கல்லை வைத்து மூடிய தொட்டிகள் எத்தனையோ வீட்டில் உண்டு. இரண்டு அங்குலப் பலகைக்கல் போட்ட தொட்டிகளும் உண்டு. ஒரு டன் உடம்பு அதில் கால் வைத்தால் உள்ளே போய்விடும். கிணற்றிலும் தொட்டியிலும் விழுந்த மாட்டை எடுக்க ஜேசிபி கொண்டுவந்து பக்கவாட்டில் மண்ணைச் சரித்துப் பாதை போட வேண்டும். தொட்டி வேலிக்கு உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் கம்பி கட்டிய ஐந்து அங்குலக் கான்கிரீட் மூடி போடுங்கள்.

பயிர் அழிந்தால் நஷ்டஈடு உண்டு. அதற்கு அன்றைக்கே சுத்தம் பண்ணிவிடாமல், குளம்புத் தடமும் மிதிபட்ட பாத்தியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ரேஞ்சர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் கையில் இருக்க வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைத்தவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள், காகிதம் நிலத்துக்காரர் பேரில் இருக்கும். பணம் வர நாளாகும். அடுத்த போகத்து விதைக்கு அதை நம்பாதீர்கள்.

வேலி போட நல்ல பருவம் மார்கழி கடைசியிலிருந்து மாசி பிறக்கும் வரை. மண்ணில் ஈரம் இருக்கும், குழி எடுக்க லேசு, கான்கிரீட் நன்றாக இறுகும், மாடும் மேலே காட்டில் மிச்சப் புல்லில் இருக்கும். சித்திரையில் சீசன் தொடங்கியபின் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது, எல்லாரும் ஓட்டல் வேலைக்குப் போய்விடுவார்கள். சோலார் வேலி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பிக்குக் கீழே மாசம் ஒரு தடவை புல் அறுக்க ஆளைப் பிடித்து, வருஷக் கூலியும் பேசி முடித்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் போடுங்கள்.